முப்பத்திரண்டு பங்காளி, ஒரு கிணறு

(சிங்காநல்லூரில் ஒரு வீட்டு ஆசாரம். மாப்பிள்ளை கையில் ஃபைபர் நோட்டீஸ். மில்லில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற மாமா கையில் பேனா.)

மாப்பிள்ளை: காப்பர் லைனைத் தூக்கிப் போடுங்க மாமா. 300 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், மாசம் வெறும் 999!

மாமா: வெறும் 999-ன்னு எழுதுனவன் 18 சதவீத ஜிஎஸ்டியை எந்தப் பொடக்காலில ஒளிச்சு வெச்சானுங்க? கூட்டுனா 1,178 ரூபா 82 காசு. அன்லிமிடெட்டுக்கும் வரப்பு இருக்குதுங்க. ஜியோவும் ஏர்டெல்லும் மாசம் 3,300 ஜிபின்னு போட்டிருக்காங்க. அது நெம்பப் பெரிய காடுதான், போகட்டும். இந்த 300-ஐ எதுல செலவழிப்பீங்க? 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தாப் போதும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. நம்ம சர்க்கார் 2023 வரைக்கும் 512 கேபிபிஎஸ்ஸையே பிராட்பேண்டுன்னு கும்பிட்டுட்டு இருந்துச்சு. பொறவுதான் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறுச்சு.

மாப்பிள்ளை: அப்ப காப்பரே போதும்ங்கறீங்களா?

மாமா: மாத்தத்தான் வேணுமுங்க, ஆனா வேற காரணத்துக்கு. காப்பர்ல எக்ஸ்சேஞ்சு தள்ளிப் போகப் போக வேகம் தேயும். ஜாயிண்ட்ல மழைத்தண்ணி எறங்குனா பச்சை பூத்துரும். ஃபைபர்ங்கறது கண்ணாடி இழை; அதுக்கு அந்தச் சீக்கு இல்லை. அனுப்பற வேகமும் வர்ற வேகமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்கும்; டிசைன் அனுப்பற திருப்பூர்க்காரருக்கு அது காசு. அதுக்குன்னு அந்த 300 உங்களுக்கே பட்டா போட்டதுன்னு நெனைச்சுக்காதீங்க. ஜிபான் முறைல ஒரு இழைல 2.5 ஜிபிபிஎஸ் வருது. அதை ஸ்ப்ளிட்டர் வெச்சு 32 ஊட்டுக்குப் பிரிக்கறாங்க, சில எடத்துல 64. முப்பத்திரண்டு பங்காளியும் ஒரே நேரத்துல மோட்டாரைப் போட்டா, ஆளுக்கு 78தான்.

மாப்பிள்ளை: அத்தனை பேரும் ஒண்ணா எறைக்க மாட்டாங்களே மாமா?

மாமா: மாட்டாங்க, ஒத்துக்கறேன். 78 வந்தாலே அஞ்சு டிவி ஓடும். அதனாலதான் நம்பரைப் பாத்து வாங்காதீங்கங்கறேன். ரவுட்டரைச் செருப்பு ஸ்டேண்டு மேல வெச்சா, பின்னாடி ரூமுக்குப் போறதுக்குள்ள பாதியைச் செவுரு தின்னுரும். கேக்க வேண்டிய கேள்வி, அறுந்தா யாரு வருவாங்கங்கறதுதான். காப்பர்னா லைன்மேன் ரெண்டு கம்பியை முறுக்கி, டேப்பைச் சுத்திட்டுக் கெளம்பிருவாரு. இது முடி மொத்தத்துல ஒரு கண்ணாடி. நடுவுல வெளிச்சம் ஓடற பாதை ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. மெஷின் கொண்டாந்து உருக்கி ஒட்டோணும். ஈபி கம்பத்துல சும்மா சுத்திவிட்ட ஒயரைக் கரும்பு லாரி இழுத்துட்டுப் போச்சுன்னா, பெட்டில எல்ஓஎஸ் லைட்டு செவப்பா மின்னும். அன்னைக்கு 300-ம் பூஜ்யம், 50-ம் பூஜ்யம். இன்னொண்ணு: 2012 மின்வெட்டுல ஊரே இருட்டுல கெடந்தப்பவும் பழைய போன் மணியடிச்சுதே, எக்ஸ்சேஞ்சு பேட்டரிக் கரண்டு காப்பர்லயே வந்ததாலதான். கண்ணாடில கரண்டு வராதுங்க. சின்ன யூபிஎஸ் ஒண்ணையும் செலவுக் கணக்குல எழுதிக்கோங்க.

மாப்பிள்ளை: செரி, எந்தக் கம்பெனியப் போடறதுங்க?

மாமா: நோட்டீஸை மடிச்சு வெச்சுட்டு, இதே வீதில நாலு ஊட்டுக் கதவைத் தட்டுங்க. போன ஐப்பசி மழைல செவப்பு லைட்டு எத்தனை நாள் மின்னுச்சுன்னு கேளுங்க. யாரு ஊட்ல நெம்பக் கம்மியோ, அவங்க லைனைப் போடுங்க.