போயா மச்சான்

கொழும்பில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஒரு மட்டக்களப்பார் இருப்பார். புதுக் கலண்டர் வந்ததும் மற்றவர்கள் தங்கள் பிறந்தநாள் எந்தக் கிழமை என்று பார்ப்பார்கள். இவர் பார்ப்பது போயா. வெள்ளியிலோ திங்களிலோ விழும் போயாக்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு, "மூண்டு நாள் லீவு மச்சான், எங்கட வாவிப் பக்கம் போவமா?" என்று மேசை மேசையாகக் கிளம்பிவிடுவார்.

இதற்கு அவரிடம் ஒரு தத்துவம் உண்டு. வாவியில் மீன் பாடுவது முழுநிலவு இரவில்தான் நன்றாகக் கேட்கும். முழுநிலவன்று நாட்டுக்கே லீவு. ஆகவே அரசாங்கம் லீவு விடுவது மட்டக்களப்பு மீனுக்காகத்தான். போயாவன்று தவறணை பூட்டு என்பதை யாராவது ஞாபகப்படுத்தும்போது கூட்டத்தில் பாதி கழன்றுவிடும். மீதிப் பாதியைக் கழற்றுவது ரயில். கொழும்பிலிருந்து போனால் கல்குடா முதலில் வரும், மட்டக்களப்பு பிறகு. பாசிக்குடாவில் குளிக்க ஆசைப்பட்டவன் கல்குடாவிலேயே இறங்குவோம் என்பான். மச்சான் விடமாட்டார். முதலில் டவுன், கோட்டை, மீன். அதற்குப் பிறகு 35 கிலோமீற்றர் திரும்பி வந்துதான் கடல்.

சரித்திரத்தையும் அவர் சும்மா விடுவதில்லை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல்; பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். "பாத்தியா, ரூம் புக் பண்ணினவன் ஒருத்தன், படுத்தவன் வேற ஒருத்தன். அதுதான் சொல்றன், அட்வான்சை இப்பவே தாங்க." யாரும் தருவதில்லை. உண்மையில் ரூமும் கிடையாது. கல்லடியில் இருக்கும் பெரியம்மாவின் விறாந்தைதான் ஹோட்டல். பயணத்துக்கு முதல் நாள் இரவுதான் அவருக்கே செய்தி போகும்.

"எத்தின பேர் மனே வாறீங்க? நண்டு வாங்குறதா வேணாமா? மறுகா ஒருத்தரும் வராம விட்டா நான் என்ன செய்யிற?"

பன்னிரண்டு பேர் என்பார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வந்து நிற்பது நாலு பேர். பன்னிரண்டு பேரின் நண்டையும் நாலு பேர் தின்று முடித்து, மேலே எருமைத் தயிரும் பாணியும் ஊற்றிக்கொண்டு, அசைய முடியாமல் புளியந்தீவுக்குப் போவார்கள். அங்கே நின்றுகொண்டு ஒருவர், "தீவுக்கு எப்ப போறது?" என்று கேட்பார். நிற்பதே தீவில்தான். பாலங்கள் இருப்பதால், கோட்டையும் பள்ளிக்கூடங்களும் பஸ் நிலையமும் ஒரு தீவுக்குள் இருப்பது வந்தவருக்குத் தெரிவதில்லை. மச்சானுக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான்.

இரவு, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தருகே தோணி. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். துடுப்பு ஒன்று, காது எட்டு. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மச்சான் தாளில் எழுதியே கொண்டுவந்திருப்பார். ஒருவர் காதை வைத்ததும் "கேக்குதா?" என்பார். இன்னொருவர் வாயைத் திறந்தால் "உஸ்ஸ்! சத்தம் போடாதீங்க!" என்று வாவி அதிரக் கத்துவார். "தவளை மாதிரி இரிக்கி" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மீண்டும் முதல் ஆளிலிருந்து வரிசை தொடங்க வேண்டும். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு ஊரில் இன்னும் தீரவில்லை. ஆனால் சத்தம் உண்மை; 1950களில் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்திருக்கிறார். அவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் பாசிக்குடாவில் கனதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத கடலில் எல்லோரும் கிடக்க, மச்சான் மட்டும் கரையில் இருந்து அடுத்த போயா எந்தக் கிழமை என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கடலும் தேவையில்லை, மீனும் தேவையில்லை, ஏற்பாடுதான் பயணம்.

மீன் பாட்டுக் கேட்க உங்களுக்கு உண்மையாகவே ஆசை என்றால், ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் ஒரு போயாவுக்குப் போய்வாருங்கள். கந்தோரில் மட்டும் வாய் திறக்க வேண்டாம்.