மில்லி விநாடி லாபம், அரை நாள் நஷ்டம்

கே: பழைய ஷெல் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதுகிறேன். வேகத்துக்கா, தெளிவுக்கா முதல் மரியாதை?

ப: தெளிவுக்கு. நடுராத்திரி ஓடும் பேக்கப்பில் 3 விநாடி மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்? அந்த வரிகளைப் படிக்கிற ஆள் அரை நாள் திணறினால் அதற்குச் சம்பளம் உண்டு.

கே: 'கேட்' போட்டு 'கிரெப்'புக்கு அனுப்பினேன். 'கிரெப்'பே கோப்பைத் திறக்குமே என்று சீனியர் திட்டுகிறார்.

ப: உண்மைதான், ஒரு பிராசஸ் கூடுதல். செலவு சில மில்லி விநாடி. இடமிருந்து வலமாகப் படித்தாலே புரிகிறதே, அது வரவு. சீனியரின் கோபத்தை மேற்கோள்குறி போடாத வேரியபிள்கள் பக்கம் திருப்புங்கள். கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி வந்தால் போதும், ஸ்கிரிப்ட் பல்லிளிக்கும்.

கே: வேரியபிளுக்கு நீளப் பெயர் வைத்தால் மெமரி வீணாகாதா?

ப: பத்துப் பன்னிரண்டு பைட். தாராளமாகச் செலவழியுங்கள்.

கே: பெரிய தலைகள் யாராவது இதில் மோதியிருக்கிறார்களா?

ப: 1986-ல். ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிட, டொனால்ட் நூத் பாஸ்கலில் பல பக்கம் எழுதினார். விமர்சிக்க வந்தவர் டக் மெக்கில்ராய், யுனிக்ஸுக்குப் 'பைப்' யோசனையைத் தந்தவர். ஆறே கட்டளைகளைக் கோத்துக் காட்டினார். எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்திய பிறகே அது எண்ணும். இயந்திரத்துக்கு உழைப்பு அதிகம். ஆனால் டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். என் ஓட்டு மெக்கில்ராய்க்கே.

கே: ஷெல்லை எழுதியவராவது தெளிவாக எழுதினாரா?

ப: ஸ்டீபன் போர்ன் தன் ஷெல்லின் சி நிரலை மேக்ரோக்களால் அல்கால் 68 சாயலுக்கு மாற்றினார். அவருக்குப் பளிங்கு, மற்றவர்களுக்குக் காடு. 1984-ல் தொடங்கிய குழப்ப சி நிரல் போட்டிக்கு அதுவும் ஒரு தூண்டுதல். தெளிவுக்கு மதிப்பெண் போட வேண்டியவர் அடுத்துப் படிப்பவர்.

கே: அப்படியானால் வேகத்தைத் தலைமுழுகிவிடலாமா?

ப: கூடாது. லூப்பைப் பாருங்கள். 1 லட்சம் வரிக் கோப்பில் வரிக்கொரு தரம் 'செட்' அழைத்தால் 1 லட்சம் பிராசஸ் பிறந்து சாகும். ஒரே 'ஆக்' போதும். படிக்கவும் அதுதான் எளிது. 2006-ல் கணினி சீக்கிரம் துவங்க வேண்டும் என்று உபுண்டு என்ன செய்தது? 'எஸ்ஹெச்' நாற்காலியில் 'பாஷ்'க்குப் பதில் இலகுவான 'டாஷை' உட்காரவைத்தது. 'டைம்' கட்டளையால் அளந்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

கே: எத்தனை வரியில் பைத்தானுக்குத் தாவலாம்?

ப: கூகுளின் ஷெல் கையேடு 100 வரி என்கிறது. நான் வரியை எண்ணுவதில்லை. பட்டியலுக்குள் பட்டியல் தேவைப்பட்டால் அன்றே தாவுங்கள். பைத்தான் கிளம்பச் சற்று நேரமெடுக்கும். எடுக்கட்டும்.