கேட்டில் நிற்கும் பெரியவருக்குச் சில யோசனைகள்

ஐயா, உங்களுக்கு வயது அறுபத்தாறு, உடம்பில் சர்க்கரை, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. வருடம் 2020, கொரோனா வந்துவிட்டது. பதற வேண்டாம். வயதை மட்டும் இடம் பார்த்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

65-ஐத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அத்தியாவசியம் என்றால் மட்டும் வெளியே வரட்டும் என்று மே மாதம் மத்திய உள்துறை சொல்லிவிட்டது. சம்பளம் அத்தியாவசியமா என்று உத்தரவில் தேடாதீர்கள். அதே மாதம் தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. மறு வருடம் 60. மூப்புக்கு முறையாக மரியாதை செய்தது டாஸ்மாக் ஒன்றுதான். மே 7-இல் கடை திறந்தபோது 50-ஐக் கடந்தவர்களுக்குக் காலை 10 மணிக்கே முதல் வாய்ப்பு, இளவட்டத்துக்குப் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான். அதுவும் உங்களுக்கு இல்லை. சென்னையில் கடை திறக்கவில்லை.

ஏஜென்சிக்காரர் கேட்டால் உங்கள் வயது ஐம்பத்தேழு. தலைக்கு டை அடியுங்கள். மிச்சத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும்; பொக்கை வாயும் நரைத்த மீசையும் அதற்குள் அடக்கம்.

அடுத்தது டெம்பரேச்சர் கன். வருகிறவர் நெற்றிக்கு அருகில் பிடித்தால்தான் எண் காட்டும். 'ஆறடி இடைவெளி விடவும்' என்ற நோட்டீஸ் உங்கள் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கும். வெளியாட்கள் படிக்கத்தான் அது. வெயிலில் வண்டி ஓட்டி வந்த டெலிவரி பையனுக்கு நெற்றி கொதிக்கும். நிழலில் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். இருப்பது ஒரே நிழல், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில். அதற்குள் சாப்பாடு ஆறுகிறது என்று மூன்றாம் மாடியிலிருந்து இன்டர்காம் அலறும். அசோசியேஷன் செயலாளர் மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டு வந்தால் கன்னை எடுக்கவே வேண்டாம். ரெஜிஸ்டரில் 'நார்மல்' என்று எழுதி ஒரு சல்யூட்.

கபசுரக் குடிநீர் தருவார்கள், குடியுங்கள். கசப்பு உள்ளே போகிறதே என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரவு டியூட்டிக்காரருக்குத் தொற்று வந்தால் அவருடைய பன்னிரண்டு மணி நேரமும் உங்கள் தலையில். அவரும் நீங்களும் ஒரே நாற்காலி, ஒரே தண்ணீர் பாட்டில் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் பதினான்கு நாள் தனிமை, சம்பளம் கிடையாது.

2021 மார்ச் 1 முதல் 60-ஐத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி. அங்கே மட்டும் நீங்கள் தாராளமாக அறுபத்தேழு. சான்றிதழில் பெயரோடு வயதையும் அச்சடித்துத் தருவார்கள். அதைக் காட்டினால்தான் டியூட்டி என்று ஏஜென்சிக்காரர் சொன்னால், வயது இருக்கும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு நீட்டுங்கள்.