கொக்கி மூக்குக்கு யார் அப்பன்?

கேள்வி: பழைய ஸ்வீடன் உலோக வேலைப்பாட்டில் வரும் பறவைகள் ஆசியப் புல்வெளியிலிருந்து வந்தவையாமே? உண்மையா?

பதில்: ஜாடை இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ்தான் இல்லை! 1881-இல் ஸ்வீடனின் வெண்டெல் கிராமத்துச் சர்ச் மயானத்தில் மண்ணைத் தோண்டப் போய்ப் படகுக் கல்லறைகள் கிடைத்தன. அந்தக் கல்லறைகளின் காலத்து உலோகப் பறவைக்குச் சுருண்ட அலகு, முறைக்கும் கண். ஒடின் கடவுளின் அண்டங்காக்கை என்பார்கள் சிலர். காக்கைக்கு ஏதய்யா இவ்வளவு வளைந்த மூக்கு? கழுகுச் சாதிதான். இதன் நெருங்கிய சொந்தம் இங்கிலாந்தின் சட்டன் ஹூ கல்லறைக் கேடயத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பறவையின் தொடையை உற்றுப் பாருங்கள், அதற்குள் ஒரு மனித முகம்!

ஒரு மிருகத்துக்குள் இன்னொன்றைச் செருகுவது புல்வெளியின் ஸ்கைத்தியக் குதிரைக்காரர்களின் பழைய குறும்பு. அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறையில் கிடைத்த ஒரு தலைவர் உடம்பில் பச்சை குத்தியிருந்த மானுக்குக் கொம்பு நுனியெல்லாம் பறவைத் தலை. ஆனால் அவருக்கும் வெண்டெல்காரருக்கும் இடையே சுமார் ஆயிரம் வருஷம். நடுவே கருங்கடல் கரையில் கோத்துகளும் ஹூணர்களும் பழகியதைப் பாலமாகக் காட்டுகிறார்கள் புல்வெளிக் கட்சிக்காரர்கள். ருமேனியாவில் 1837-இல் அகப்பட்ட பியெட்ரோவாசா புதையலின் தங்கக் கழுகு அந்தக் கட்சிக்கு நல்ல சாட்சி. எதிர்க்கட்சியோ ரோமானியப் பட்டறையைக் கை காட்டுகிறது. என் ஓட்டு இரண்டுக்கும் பாதிப் பாதி.

பறவை எங்கிருந்து வந்ததோ, ஐரோப்பிய நகைகளில் அப்போது பதித்த சிவப்புக் கார்னெட் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று சோதனைச் சாலையே சொல்லிவிட்டது. அதில் மட்டும் வழக்கு இல்லை.