நாலு செகண்ட் ஆயுசு

செத்துப்போன கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்திவிடலாம். மூலையில் தள்ளி, மேலே ஒரு துண்டை விரித்தால் இஸ்திரித் துணி அடுக்கவாவது ஆகும். விசிறி சுழன்று, விளக்கு எரிந்து, நாம் "ஆகா" என்று வாயைத் திறப்பதற்குள் பட்டென்று அணைகிற கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுதான் மனுஷனைத் தின்றுவிடும். காரணம், அது ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை கொடுக்கிறது.

ரெடிமேடாக ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் வீடியோ பார்த்து ஞானம் பெற்றவனுக்கு ரெடிமேட் என்றாலே இளக்காரம். பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால் கணிசமாக மிச்சம் என்று வீட்டில் பட்ஜெட் உரை நிகழ்த்திவிட்டு, மவுன்ட் ரோடிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினேன். எல்லாம் எடுத்துக் கட்டிவைத்த கடைப் பையன், "அசெம்பிள் பண்ணித் தரவா சார்? ஐந்நூறு ரூபாதான்" என்றான்.

"வேணாம்பா, நானே பண்ணிப்பேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான். "சரி சார். கடை நம்பர் பில்லுலயே இருக்கு" என்றான்.

ஹாலில் பாய் விரித்து வேலை தொடங்கியது. பிராசஸரின் மூலையில் கடுகளவு தங்க முக்கோணம் இருக்கும். அது மதர்போர்டில் உள்ள முக்கோணத்தோடு சேர வேண்டும். சேர்த்து, லீவரை அமுக்கியபோது 'கறக்' என்று ஒரு சத்தம். எல்லாருக்கும் அப்படித்தான் கேட்குமாம். அந்த நேரத்தில் எனக்கு அது பிராசஸரின் விலை முழுதும் நொறுங்குகிற சத்தமாகத்தான் கேட்டது. கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் பொடி ஒயர்களை மாட்டுவதற்குள் மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, என் பையனின் செல்போன் டார்ச் எல்லாம் தேவைப்பட்டன. பையன் டார்ச்சை மட்டும் பிடிக்கவில்லை. வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

அம்மா தட்டோடு வந்தாள். "புதுசுக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கலாம்னா சக்கரம் இல்லையேடா" என்று குறைப்பட்டுக்கொண்டு, முகப்பில் எடுப்பான இடமாகப் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டாள். நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன். விரலில் ஒட்டிய சந்தனத்தை நெற்றியில் பூசிக்கொண்டு நிமிர்ந்தேன். விசிறிகள் சுழன்றன. மானிட்டர் கண் விழிக்கப் பார்த்தது. அணைந்தது.

அன்று முதல் வீட்டில் நான் ஒருவன்தான் டாக்டர் இல்லை. மற்ற எல்லாரும் டாக்டர்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, மொத்தம் எவ்வளவு மிச்சம் ஆச்சு?"

மாமனார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்ளே, இது வோல்டேஜ் டிராப்" என்று ஃபிரிட்ஜை அணைத்தார், டிவியை அணைத்தார், கடைசியில் மின்விசிறியையும் அணைத்தார். எல்லாரும் வேர்த்து வழிய உட்கார்ந்து பார்த்தோம். அது வழக்கம்போல் வந்தது, வழக்கம்போல் போனது. அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர்கள் எதையாவது குறித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் ஐடி கம்பெனித் தம்பி ஒருவர். கூப்பிட்டதும் வந்தார், சுற்றிப் பார்த்தார். "அங்கிள், நான் சாஃப்ட்வேர்" என்றார். போகும்போது மரியாதைக்காக, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்றும் கேட்டார். ஆஃப் பண்ணுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது என்றேன்.

நானும் சும்மா இல்லை. ராமைக் கழற்றி, அதன் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். கம்ப்யூட்டருக்கு நம் ஊரில் இதுதான் பாட்டி வைத்தியம். கூலரைத் தூக்கி, அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டுவிட்டேனா என்று பார்த்தேன், உரித்திருந்தேன். மதர்போர்டின் முதுகில் ஸ்க்ரூ ஏதும் உரசி ஷார்ட் ஆகிறதா என்று துழாவினேன். கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் ஒயரையும் பிராசஸருக்கான 8 பின் ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதில், என் கட்டைவிரல் நகம்தான் முதலில் கழன்றது.

கடைசியில் அந்தப் பில்லைத் தேடினேன். ஆட்டோவில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் மாமனாரும் போய் இறங்கியபோது, அதே பையன் எழுந்து நாற்காலி போட்டான். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

"எவ்வளவு நேரம் நிக்குது சார்?"

நான் "கொஞ்ச நேரம்" என்று இழுப்பதற்குள் மாமனார் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். வரிசையாக நாலு, நாலு, நாலு என்று எழுதியிருந்தது.

பையன் ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. ஷார்ட் என்றால் கண்ணை இமைப்பதற்குள் போயிருக்குமாம். சூடு என்றால் இன்னும் கொஞ்சம் நின்று, அப்புறம் போயிருக்குமாம். ராம் கோளாறு என்றால் பெரும்பாலும் திரை மட்டும் இருண்டு, விசிறி பாட்டுக்குச் சுற்றும். பிசகாமல் நாலு செகண்ட் என்றால் யாரோ பொத்தானில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேபினெட்டின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"பொத்தான் மேல யாரு சார் பொட்டு வச்சது?"

ஒரு காலத்தில் கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் நிஜமான ஸ்விட்ச். கரண்ட்டையே வெட்டும், சேர்க்கும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறைக்குப் பிறகு பொத்தான் வெறும் மனுதாரர். ரெண்டு பின்னை ஒரு கணம் தொட வைத்து, 'ஆன் பண்ணுங்களேன்' என்று மதர்போர்டிடம் மனு கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சிபாரிசு செய்யும். மனு கொடுத்தவர் போகாமல் கவுன்ட்டரிலேயே தொங்கினால், நாலு செகண்ட் பொறுத்திருந்து ஆபீஸையே பூட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சந்தனம் பொத்தானின் இடுக்கில் இறங்கி இறுகிவிட்டதால் மனுதாரர் உள்ளே போவது சுலபமாக இருந்தது. வெளியே வரத்தான் மனசில்லை.

பையன் பொத்தானின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, வெறும் பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சும்மா தொட்டான். கம்ப்யூட்டர் வந்தது. நாலு ஆனது, பத்து ஆனது. மாமனார் ஒரு நிமிஷம் வரை எண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பொத்தானைக் கழற்றிக் கழுவ வேண்டுமென்றால் முகப்பையே பிரிக்க வேண்டும், கிளிப் உடைந்தாலும் உடையும் என்று சொல்லி, பையன் ரீசெட் பொத்தானின் ஒயரை எடுத்து அந்தப் பின்களில் மாட்டிவிட்டான். இனி பக்கத்தில் இருக்கிற சின்னப் பொத்தான்தான் ஆன். பெரியதற்கு வேலை இல்லை.

"எவ்வளவுப்பா?"

"அதே ஐந்நூறு சார்."

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தை எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னேன். "நான் வச்ச பொட்டு நாலு செகண்ட்ல அணைச்சுது. இல்லேன்னா நீ பூட்டின பூட்டுக்கு வெடிச்சிருக்கும்" என்றாள். மாமனாரும் தலையை ஆட்டினார். என் தரப்பில் சாட்சி யாரும் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பெரிய பொத்தானுக்குப் புதுச் சந்தனம். வேலையில்லாத பொத்தான்தானே என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் சிலர் தாமாகவே போய் அதை அமுக்குகிறார்கள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் சார்" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. கை துடைக்கத் துண்டும் காபியும் கொடுக்கிறேன்.