அகலிகைக்கு ஒரு ஆர்டர்

சுசீந்திரம் இந்திரனால் பேர் பெற்ற ஊர் என்பது எங்கள் மயிலாடிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கௌதமர் வேஷம் போட்டு அகலிகையிடம் போனவன், சாபம் வாங்கி, இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் முங்கிச் சுத்தமானான் என்பது தலபுராணம். 'சுசி' என்றால் சுத்தம். அர்த்தசாமப் பூசைக்கு இன்றைக்கும் அவனே வருகிறான் என்பது நம்பிக்கை. அவன் கும்பிட்ட சாமிக்கு ஏழு நிலைக் கோபுரம், தெப்பம், தேர். அகலிகைக்கு? கல். யார் காலாவது வந்து படுகிறவரைக்கும் கிடக்க வேண்டியது. செய்தவனுக்கு மறுவாழ்வு மையம், ஆளானவளுக்குக் காத்திருப்போர் பட்டியல். திட்டம் அன்றைக்குப் போட்டது. இன்றுவரை பெரிய திருத்தம் ஒன்றும் வந்தபாடில்லை.

2013 பட்ஜெட்டில் நம்மூர்க்காரர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். டெல்லியில் பஸ்ஸுக்குள் சிதைக்கப்பட்ட பெண்ணுக்காகத் தேசமே மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற சமயம். மெழுகு உருகிவிட்டது, நிதி உருகவில்லை. 2019 நவம்பரில் மக்களவையில் வைத்த கணக்கில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது சுமார் 190 கோடி, செலவானது 6 கோடி. கல்யாண வீட்டில் 190 படி அரிசி வாங்கி வைத்து, 6 படியை வடித்துப் பந்தியை முடித்த சமையல்காரனை நாஞ்சில் நாட்டில் என்ன சொல்லி ஏசுவார்கள் என்பதை அச்சில் போட முடியாது.

பெரிய தொகைக்குத் திட்டம் போட்டது எதற்கென்றால், காமிரா மாதிரி சங்கதிகளுக்கு. சென்னையைப் 'பாதுகாப்பான நகர'மாக்க மட்டும் 425 கோடிக்குத் திட்டம். காமிரா வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது தெருவைப் பார்க்கிறது, அடி விழுவதோ அடுக்களையில். அடித்தவன் யாரென்று கண்டுபிடிக்கக் காமிராவும் வேண்டாம், மோப்ப நாயும் வேண்டாம். அவன் பேர் ரேஷன் கார்டிலேயே இருக்கிறது.

அந்த அடுக்களைக்குள் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவர்களுக்கு அரசு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தைச் 'சேவை வழங்குநர்' என்கிறது. நடந்ததை எழுதி வாங்கலாம், மருத்துவப் பரிசோதனை செய்விக்கலாம், காப்பகத்தில் சேர்க்கலாம். எல்லாம் 'லாம்'. ஆட்டோக்கூலி யார் கொடுப்பது என்று ஒரு வரி அதில் கிடையாது. பூசாரி வேலை உனக்கு, எண்ணெயும் திரியும் உன் வீட்டிலிருந்து! 1953இல் தொடங்கிய மத்திய சமூக நல வாரியம், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் குடும்ப ஆலோசனை மையங்களுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வாரியத்துக்கும் மூடுவிழா நடத்தியாயிற்று. மாவட்டந்தோறும் பெண்களுக்கு 'சகி' உதவி மையம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ நடுராத்திரி கதவைத் தட்டுகிறவள் முதலில் தட்டுவது பக்கத்துத் தெரு அக்காவின் கதவைத்தான்.

அப்படி ஒரு அக்காவை எனக்குத் தெரியும். உடைந்த பல்லோடு வந்தவளை ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஆட்டோக்காரர் ரசீது தரவில்லை. (ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்த ஆட்டோக்காரர் ரசீதுப் புத்தகம் வைத்திருப்பார்?) ஆட்டோக்கூலி கேட்டு அனுப்பிய ஃபைல் திரும்பி வந்தது. மறுபடி போனது. 'பயனாளியின் புகைப்படம் இணைக்கப்படவில்லை' என்று மறுபடி வந்தது. அவள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்கிறது ஒரு மேசை, படத்தை ஒட்டு என்கிறது அடுத்த மேசை. நடுவில் அக்கா தன் வளையலை அடகு வைத்தார். அடகுக் கடையில் புகைப்படம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1984 முதல் ஒரு வழக்கம்: குற்றவாளிகளிடம் வாங்குகிற அபராதத்தை ஒரு நிதியில் போட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பது. இந்திரனிடம் பிடுங்கி அகலிகைக்குக் கொடுக்கிற ஏற்பாடு. அங்கேயும் 2025 ஏப்ரலில் அரசின் நீதித்துறை நூற்றுக்கணக்கான மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது. இந்திரனுக்கு எல்லா ஊரிலும் செல்வாக்கு.

யோசித்துப் பார்த்தேன். குமரிக் கடலில் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பரில் திறந்தார்கள். பாறையிலிருந்து பாறைக்குப் போக வழி கிடைத்துவிட்டது. அடிபட்டவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பணமில்லை. ஆகக் காசு கல்லுக்குத்தான் இறங்கும். கல்லுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? நேரே ஒரு சிற்பக்கூடத்துக்குப் போனேன்.

"அகலிகை சிலை ஒண்ணு செய்யணும் அண்ணே."

கட்டர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் இருந்த வெள்ளைப் பொடியைத் தட்டினார். "கல்லா கெடக்கியதா, எந்திரிச்ச பெறவா?"

"கல்லாவே இருக்கட்டும். எந்திரிச்சா ஃபண்டு நின்னுரும்."

"எத்தன அடி?"

"வள்ளுவர் 133. அதுக்குக் கொறஞ்சா மேலிடத்துல மதிக்க மாட்டாங்க."

"அட்வான்ஸ் பாதி தரணும் அண்ணாச்சி."

"வேலை முடிஞ்ச பெறவு, ரசீது வச்சு, மூணு நகல் எடுத்து..."

அவர் சிரிக்கவில்லை. உளியைக் கையில் எடுத்தார். "பீடத்துல அந்தப் பிள்ளைக்க பேரு வெட்டணுமா?"

"பேரு வெளிய சொல்லக்கூடாது. சட்டம்."

"அப்பம் தொறந்து வைக்கியவருக்க பேரு?"

"அதுக்குத் தனியா ரெண்டு பலகை எடுத்து வையுங்க."