ஐத்திகுவுக்கு நித்திரை வந்த கதை

கண்டாவளைப் பக்கம் ஞாயிறு காலமை எங்கே சபை கூடுகிறது என்று யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. முரசுமோட்டை தாண்டும்போதே காதில் விழும். தகரக் கொட்டிலுக்குள் இருபது முப்பது பேர்தான். சவுண்ட் பொக்ஸ் மட்டும் கலியாண மண்டபத்துக்கு அளவானது, அதுவும் வீதியைப் பார்த்தபடி. உள்ளே இருப்பவர்கள் ஏற்கெனவே மனந்திரும்பியவர்கள். பிரசங்கம் வீதியால் போகிற எங்களுக்கும் உழவு மிசினுக்கும்.

சபை கூடுவது எதற்கு? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறபடி பார்த்தால், வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டோ போதகமோ கொண்டுவர வேண்டும், ஒருவரையொருவர் கட்டியெழுப்ப. இப்போது கொண்டுவரச் சொல்வது தசமபாகம். பேச்சு, மைக் பிடித்தவரின் குத்தகை.

ஒருநாள் ஆச்சி ஒருவர் எழும்பியே கேட்டுவிட்டார்: “தம்பி பாஸ்டர், இண்டைக்கு எங்கட முறைக்கு இரணைமடுத் தண்ணி. கெதியா முடியுங்கோ.”

“ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார் அம்மா.”

“அவர் பாப்பார் தம்பி. பக்கத்து வயல்காரன் மறிச்சுப்போடுவான்.”

நீண்ட பிரசங்கத்தின் ஆபத்து வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம்: துரோவாவில் பவுல் நடுச்சாமம் மட்டும் பேச, ஜன்னலில் இருந்த ஐத்திகு என்ற வாலிபன் நித்திரையாகி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனைக் காப்பாற்றினார். திரும்ப ஏறிவந்து விடியுமட்டும் பேசினார். எங்கட போதகர்களுக்கு மனப்பாடம் அந்தக் கடைசிப் பகுதிதான். நல்லகாலம், தகரக் கொட்டிலுக்கு மாடி இல்லை.